105 கிலோமீட்டர் தனிமை

2021 ஜூலை 25. ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்தில் இருக்கும் கார் பந்தயத் தடத்தில் ஒலிம்பிக் மகளிர் சாலை சைக்கிள் பந்தயம் முடியப்போகிறது. நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் தனியாக வந்து கோட்டைக் கடக்கிறார். இரண்டு கைகளையும் உயர்த்துகிறார். முகமெல்லாம் சிரிப்பு. ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தங்கம் என்று அவர் நினைக்கிறார்.

தங்கம் அவருடையதாக இல்லை. அதற்கு 1 நிமிடம் 15 நொடிகள் முன்பே ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் அதே கோட்டைக் கடந்து, களைப்பில் தரையில் கிடந்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் ஒப்பந்தம் இல்லாதவர். பந்தயம் தொடங்கிய நொடியிலேயே இன்னும் நான்கு பேருடன் முன்னே பாய்ந்து, கடைசி 40 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி முடித்திருந்தார். அன்னமீக்குக்கு அப்படி ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்பதே தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கத் தோன்றும். மற்ற பெரிய பந்தயங்கள் பலவற்றில் ஒவ்வொருவர் காதிலும் ரேடியோ இருக்கும். அணியின் காரில் இருந்து இயக்குநர் நேர இடைவெளியைச் சொல்லிக்கொண்டே வருவார். ஒலிம்பிக்கில் ரேடியோவுக்கு அனுமதி இல்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர் பலகையில் எழுதிக் காட்டுவதையும், அணி காரில் இருந்து எப்போதாவது கிடைக்கும் செய்தியையும்தான் நம்ப வேண்டும். முன்னே போன ஐவரின் இடைவெளி ஒரு கட்டத்தில் பத்து நிமிடங்களைத் தாண்டியிருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். போலந்து வீராங்கனையும் இஸ்ரேல் வீராங்கனையும் கடைசியாகப் பிடிபட்டபோது, எல்லோரையும் பிடித்துவிட்டோம் என்று நெதர்லாந்து அணி முடிவு கட்டியது. ஐந்தில் நான்கை எண்ணிவிட்டு ஐந்தை மறந்த கணக்கு அது.

அந்த அணியில் இருந்த நால்வரின் பெயர்களைச் சொன்னால் வியப்பு இன்னும் கூடும். மரியானா ஃபோஸ், அன்னா ஃபான் டெர் பிரெகன், டெமி ஃபோலரிங், அன்னமீக். இவ்வளவு வலிமையான அணி அதுவரை மகளிர் சாலைப் பந்தயத்தில் நின்றதில்லை என்பது என் கருத்து. தோற்றதற்கும் அந்த வலிமையே ஒரு காரணம். துரத்திப் பிடிக்கும் வேலையை நெதர்லாந்துதான் செய்ய வேண்டும் என்று மற்ற நாடுகள் எல்லாம் சும்மா இருந்தன. நால்வரில் யார் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து முன்னால் போய் இழுப்பது என்பது அந்த அணிக்குள்ளும் தெளிவாகவில்லை.

மூன்று நாள் கழித்து, அதே தடத்தில், தனிநபர் நேரப் பந்தயம். ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் மோதும் பந்தயம். 22.1 கிலோமீட்டர். இரண்டாம் இடம் பிடித்த ஸ்விட்சர்லாந்தின் மார்லன் ரொய்சரை 56 நொடிகள் பின்தள்ளி அன்னமீக் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 38.

அன்னமீக் என்றால் பலருக்கு நினைவில் நிற்பவை டோக்கியோவில் தவறாக உயர்ந்த அந்தக் கைகளும், அதற்கு முன் ரியோ ஒலிம்பிக்கில் அவர் விழுந்த விதமும்தான். விழுந்தார், எழுந்தார், வென்றார் என்று அவர் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. முடிவுக்கோட்டுக்கு வெகு தூரம் இருக்கும்போதே அவர் ஏன் பந்தயங்களில் தனியாகப் புறப்பட்டார், ஏன் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு உச்சத்தைத் தொட்டார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வாழ்க்கை விளங்கும். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அவர் இந்த விளையாட்டுக்குத் தாமதமாக வந்தவர்.

1982 அக்டோபர் 8 அன்று, நெதர்லாந்தின் நடுவே உத்ரெக்ட் நகரை ஒட்டியிருக்கும் ஃப்ளூட்டன் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயரின் பொருளே ‘ஃப்ளூட்டன் ஊரைச் சேர்ந்தவர்’ என்பதுதான். பெயரும் பிறந்த ஊரும் இப்படிப் பொருந்திப்போவது அங்கேயும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இளமையில் கால்பந்து ஆடினார். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியல் படித்தார். கால்பந்தில் முழங்கால் அடிபட்டது. முழங்கால் தேற சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று சொல்லப்பட்டது. இருபதுகளின் நடுவில் ஒருவர் சைக்கிள் பந்தயத்துக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

மக்கள்தொகையை விட சைக்கிள்கள் அதிகமாக இருக்கும் நாடு அது. பள்ளிக்கும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளில் போவது அங்கே பேச்சுக்கே உரிய விஷயம் இல்லை. ஆனால் ஊருக்குள் ஓட்டுவது வேறு, பந்தயத்தில் ஓட்டுவது வேறு. அன்னமீக்கை விட ஐந்து வயது இளையவரான மரியானா ஃபோஸ் சிறுமியாக இருந்தபோதே பந்தயங்களில் ஓடியவர். 2006இல், பத்தொன்பது வயதில், உலக சாலைப் பட்டத்தை வென்றுவிட்டார். அன்னமீக் அந்த வயதில் கால்பந்துக் களத்தில் இருந்தார்.

இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, சாலைப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நூறு பேருக்கு மேல் தோளோடு தோள் உரசிக்கொண்டு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஒரு கூட்டம். அந்த வேகத்தில் மிதிப்பவருக்குப் பெரிய எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சம் பிடிக்கலாம். ஆகவே கூட்டத்துக்குள் ஒளிந்து வருவதும், சரியான நேரத்தில் சரியான சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதும், வளைவுக்கு முன்பே முன்வரிசைக்கு நகர்வதும்தான் இந்த விளையாட்டின் பாதி அறிவு. இது சிறு வயதில் உடம்போடு ஊறிப்போகும் கலை. யாருடைய முழங்கை எப்போது விலகும், எந்த இடைவெளியில் சக்கரத்தை நுழைக்கலாம் என்பதை யாரும் இருபத்தைந்து வயதில் பாடம் எடுத்துக் கற்றுத் தர முடியாது.

அன்னமீக்கிடம் மிதிக்கும் பலம் ஏராளமாக இருந்தது. கூட்டத்துக்குள் இடம்பிடிக்கும் சாமர்த்தியம் அந்த அளவுக்கு இல்லை. கடைசி 200 மீட்டரில் பாய்ந்து வெல்லும் ஃபோஸின் வேகமும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் வைத்துக்கொண்டு வெல்வதற்கு ஒரு வழிதான் உண்டு. கூட்டமே மிஞ்சாதபடி பந்தயத்தைக் கடினமாக்கிவிடுவது. மேட்டில் ஏறும்போது வேகம் குறையும். வேகம் குறைந்தால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிவதில் பெரிய ஆதாயம் இல்லை. அங்கே ஒவ்வொருவரும் தன் எடையைத் தானே சுமந்தாக வேண்டும். அதனால் ஏற்றத்தில் தாக்கு, அதாவது திடீரென வேகத்தைக் கூட்டி மற்றவர்களை விட்டு விலகு, பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இரு. அவர் வென்ற பெரிய பந்தயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே வடிவம்தான். மலையே இல்லாத நாட்டில் பிறந்தவர் இப்படி ஆனது விந்தை. அந்த நாட்டின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிக உயர்ந்த இடம் 322 மீட்டர்தான்.

ஆனால் இந்த முறை பலிக்க வேண்டுமானால் உடம்பு அதற்குத் தயாராக வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் முழுநேரப் பயிற்சி வேண்டும். முழுநேரப் பயிற்சிக்குச் சம்பளம் வேண்டும். மகளிர் சைக்கிள் பந்தயத்தில் பல காலம் இல்லாதது அதுதான்.

அன்னமீக் தொடங்கிய காலத்தில் அலுவலக வேலையையும் பந்தயத்தையும் சேர்த்தே சமாளித்தார். பிறகுதான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினார். இது அவர் ஒருவரின் கதை மட்டும் இல்லை. அவருடைய தலைமுறையில் உலகத் தரத்தில் ஓடிய பெண்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டோ, படித்துக்கொண்டோ, பெற்றோர் வீட்டில் தங்கிக்கொண்டோதான் பந்தயத்தில் ஓடினார்கள். ஆண்களின் உயர்மட்ட அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் வெகு காலமாக விதியாக இருந்தது. பெண்களின் உயர்மட்ட அணிகளுக்கு அந்த விதி 2020இல்தான் வந்தது. ஆண்டுக்கு 15,000 யூரோ. 2023இல் அது 32,102 யூரோவாக உயர்ந்தது. அன்னமீக் பந்தயத்தை விட்டு விலகிய ஆண்டும் அதுதான். அவருடைய தொழில்வாழ்க்கையின் பெரும்பகுதி, இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போடப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டால், முப்பத்தைந்துக்குப் பிறகு அவர் பூத்தது ஒரு அதிசயமாகத் தோன்றாது. மற்றவர்கள் பதினெட்டு வயதில் தொடங்கும் முழுநேரப் பயிற்சியை அவர் இருபத்தேழு, இருபத்தெட்டில் தொடங்கினார். அங்கிருந்து பத்து ஆண்டு எண்ணிப் பாருங்கள்.

முதல் பெரிய வெற்றி 2011இல் வந்தது. பெல்ஜியத்தில் கருங்கல் பாவிய சாலைகளில் நடக்கும் ஃப்ளாண்டர்ஸ் சுற்று என்ற ஒரு நாள் பந்தயம். அதே ஆண்டு உலகக் கோப்பைத் தொடரையும் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபோஸ் தங்கம் வென்றபோது அன்னமீக் அவருக்காக உழைத்த துணை வீராங்கனை. சைக்கிள் பந்தயத்தில் தனிநபருக்குப் பதக்கம் என்றாலும் ஆட்டம் அணி ஆட்டம். தலைவிக்குக் காற்றை மறைப்பதும், தப்பிப் போகிறவர்களைத் துரத்துவதும், சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் துணை வீராங்கனைகளின் வேலை. நெதர்லாந்து அணியில் ஃபோஸ் இருக்கும்வரை மற்ற எல்லோருக்கும் அதுதான் வேலை. அடுத்த சில ஆண்டுகள் அன்னமீக் நல்ல வீராங்கனை என்ற அளவிலேயே இருந்தார். பெரிய பெயராக ஆகவில்லை.

பிறகு ரியோ.

2016 ஆகஸ்ட் 7. பந்தயத்தின் கடைசி ஏற்றமான விஸ்டா சினேசா மலை உச்சியை அன்னமீக்கும் அமெரிக்காவின் மாரா ஆபட்டும் ஒன்றாக எட்டினார்கள். இறக்கத்தில் அன்னமீக் ஆபட்டை விட்டு விலகினார். காட்டுக்குள் நெளிந்து இறங்கும் ஈரமான குறுகிய சாலை. ஓரத்தில் கான்கிரீட் வடிகால். முந்தைய நாள் ஆண்கள் பந்தயத்திலும் இதே இறக்கத்தில்தான் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி முன்னணியில் இருக்கும்போது விழுந்து எலும்பு முறிந்தார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் அளவே இருக்கும்போது, வலப்பக்க வளைவு ஒன்றில் அன்னமீக்கின் சைக்கிள் கவிழ்ந்தது. தலைகுப்புற விழுந்தவர் அசையவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் அவர் இறந்துவிட்டார் என்றே அஞ்சினார்கள். மூளை அதிர்ச்சி, முதுகெலும்பில் மூன்று இடங்களில் முறிவு. தங்கம் அவருடைய அணித் தோழி ஃபான் டெர் பிரெகனுக்குப் போனது. தனியே முன்னால் போன ஆபட்டைக் கோட்டுக்கு மிக அருகில் மூவர் பிடித்தார்கள். ஆபட்டுக்கு நான்காம் இடம். அந்தப் பந்தயத்தில் நெஞ்சு உடைந்தவர்கள் இருவர்.

அந்த இறக்கம் அப்படிப்பட்ட பந்தயத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஏற்றதில்லை என்பதுதான் என் எண்ணம். முந்தைய நாளே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. மறுநாள் அதே சாலையில் பெண்களை இறக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் அளவில் அவர் பெல்ஜியத்தில் மீண்டும் பந்தயத்தில் ஓடினார், வென்றார். எல்லோரும் இதைத்தான் வியந்து சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரியோவின் கடைசி ஏற்றத்தில் உலகத்தின் சிறந்த மலையேறிகளில் ஒருவரான ஆபட்டைத் தவிர வேறு யாராலும் அவரோடு வர முடியவில்லை. நீண்ட ஏற்றங்களில் தானும் முதல் வரிசை என்பது அன்று அவருக்குத் தெரிந்துபோனது. அதுவரை குறுகிய ஏற்றங்களுக்கும் சிறு நேரப் பந்தயங்களுக்கும் உரியவர் என்றே அறியப்பட்டவர். அங்கிருந்து திசை மாறியது.

பயிற்சியாளர் லூயி டெலஹாயவின் துணையோடு அவர் பயிற்சியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். இத்தாலியின் லிவின்யோ, டெனரிஃபே தீவின் எரிமலை என்று உயரமான இடங்களில் வாரக்கணக்கில் தங்கினார். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும். உடல் அதை ஈடுகட்ட இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். தன் அணியின் ஆண்கள் பிரிவு நடத்திய பயிற்சி முகாம்களிலும் சேர்ந்துகொண்டார். பெண்கள் பந்தயம் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடியும் காலத்தில் அதைவிட நீண்ட நேரம் ஓட்டிப் பழகினார். அவ்வளவு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. மற்றவர்கள் களைத்துப்போகும் மூன்றாவது மணி நேரம் அவருக்கு இன்னும் வேலை நேரத்தின் நடுப்பகுதியாகவே இருந்தது. பந்தயத்தின் கடைசிப் பகுதியை எல்லோருக்கும் முன்பே தொடங்கிவைக்கும் துணிவு அந்தப் பயிற்சியில் இருந்து வந்தது.

2017இல் நார்வேயின் பெர்கனில் நேரப் பந்தய உலகப் பட்டம். 2018இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் மறுபடியும் அதே பட்டம். அதே 2018இல், பல நாட்கள் நடக்கும் இத்தாலியச் சுற்றை முதல் முறையாக வென்றார். அந்த ஆண்டு பிரான்சில் லெ கிராந்போர்னாந்தில் முடிந்த ஒரு நாள் பந்தயத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. ஃபான் டெர் பிரெகன் தனியாக முன்னால், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அன்னமீக். கடைசி சில பத்து மீட்டர்களில் தாண்டிப் போய்விட்டார். இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள், வெவ்வேறு அணிகள். அந்த ஆண்டுகளில் மகளிர் பந்தயத்தின் வரலாறே பெரும்பாலும் இந்த இருவருக்கும் இடையில்தான் எழுதப்பட்டது.

2019 செப்டம்பர் 28, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். உலக சாலைப் பட்டத்துக்கான பந்தயம். பிராட்ஃபோர்டில் இருந்து ஹாரோகேட் வரை 149 கிலோமீட்டர். லாஃப்ட்ஹவுஸ் என்ற ஏற்றத்தில் அன்னமீக் வேகத்தைக் கூட்டினார். மேலே வந்து பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. முடிவுக்கோட்டுக்கு இன்னும் சுமார் 105 கிலோமீட்டர் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் துரத்துகிற குழுவில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் காற்றை ஏற்று மாறி மாறி இழுக்கலாம். தனியாகப் போகிறவருக்கு மாற்றாள் கிடையாது. ஒவ்வொரு மீட்டரும் அவரே கிழிக்க வேண்டிய காற்று. கணக்குப்படி துரத்துகிறவர்கள் பிடித்துவிட வேண்டும். அதனால்தான் புத்தியுள்ளவர்கள் கடைசி பத்து, இருபது கிலோமீட்டர்வரை பொறுத்திருப்பார்கள். 105 கிலோமீட்டர் என்பது தற்கொலைக்குச் சமமான முடிவு என்றுதான் அந்த நேரத்தில் எவரும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் துரத்தும் குழுவைப் பாருங்கள். அதில் நடப்பு உலகப் பட்டம் பெற்ற ஃபான் டெர் பிரெகன் இருந்தார். அவரும் நெதர்லாந்துக்காரர். உலகப் பந்தயத்தில் நாட்டு அணிகள்தான் ஓடும். ஆகவே தன் அணித் தோழியை அவர் துரத்த மாட்டார். மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, உழைக்காமல், அமைதியாக வந்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. உழைத்து அன்னமீக்கைப் பிடித்தாலும், களைக்காத ஃபான் டெர் பிரெகன் அடுத்த தாக்குதலுக்குத் தயாராக இருப்பார். பிடிக்காவிட்டால் தங்கம் போய்விடும். இந்தத் தயக்கம்தான் அன்னமீக்குக்கு மறைவான எதிர்காற்றுத் தடுப்பு. கடைசியில் அவர் 2 நிமிடம் 15 நொடி முன்னதாக வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்தவர், சொல்லவே வேண்டாம், ஃபான் டெர் பிரெகன்.

தனியாகச் செய்த சாகசம் என்று கொண்டாடப்படும் அந்த வெற்றிக்குள் ஓர் அணியின் மௌன உழைப்பு இருக்கிறது. லண்டனில் ஃபோஸுக்காக அவர் செய்ததை, யார்க்‌ஷயரில் வேறொருவர் அவருக்காகச் செய்தார்.

இடையிடையே விழுந்துகொண்டும் இருந்தார். 2018 உலகச் சாலைப் பந்தயத்தில் முழங்காலருகே எலும்பு முறிந்த நிலையில் தொடர்ந்து ஓட்டி ஏழாவதாக வந்தார். 2020 இத்தாலியச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது மணிக்கட்டு முறிந்தது. சில நாட்களில் இமோலாவில் கட்டுப்போட்ட கையோடு உலகப் பந்தயத்தில் ஓடி வெள்ளி வாங்கினார். 2021இல் பெண்களுக்காக முதன்முதலாக நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இதையெல்லாம் வீரம் என்று மட்டும் போற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. முறிந்த எலும்போடு ஓட்டுவதை முன்மாதிரியாக இளையவர்களிடம் காட்டுவது நல்லதா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

2022 ஜூலை மாதத்துக்கு வருவோம். பெண்களுக்கான பிரான்ஸ் சுற்று (டூர் டி பிரான்ஸ்) என்பது புதிய எண்ணம் இல்லை. 1984இல் ஆண்கள் பந்தயத்தோடு சேர்த்தே நடந்தது. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. வேறு பெயர்களில் வேறு அமைப்பாளர்கள் நடத்திய சுற்றுகள் வந்து போயின. 1992, 1993இல் அப்படி நடந்த ஒன்றை நெதர்லாந்தின் லியோந்தீன் ஃபான் மோர்சல் வென்றார். பணமின்மையால் அவையும் நின்றுபோயின. 2013இல் ஃபோஸும் வேறு மூன்று வீராங்கனைகளும் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஒரே ஒரு நாள் பந்தயம் கிடைத்தது. முழுமையான சுற்று திரும்பி வர 2022 ஆயிற்று. எட்டு நாட்கள். வெற்றியாளருக்கு 50,000 யூரோ. ஆண்கள் சுற்றின் வெற்றியாளருக்கு 5,00,000 யூரோ. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை எந்த ஏற்றத்தாலும் ஒப்பிட முடியாது.

சுற்று தொடங்கியதுமே அன்னமீக்குக்கு வயிற்றுக் கோளாறு. சாப்பிட்டது தங்கவில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்ற நிலை. முதல் சில நாட்களைக் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டே கடத்தினார். ஏழாம் நாள் வோஜ் மலைத்தொடர். மூன்று பெரிய ஏற்றங்கள். முதல் ஏற்றமான பெட்டி பலோனிலேயே, முடிவுக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போதே தாக்கினார். ஃபோலரிங் ஒருவர்தான் ஒட்டிக்கொண்டார். இரண்டாவது ஏற்றத்தில் அவரும் விடுபட்டார். மீதி சுமார் 60 கிலோமீட்டர் தனியாக. ஃபோலரிங்குக்கு முன்னால் 3 நிமிடம் 26 நொடி. மறுநாள் சைக்கிளில் கோளாறு. பலமுறை சைக்கிளை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கூட்டத்தைத் துரத்திப் பிடித்து, பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலையின் சரளைக்கல் உச்சியில் அதையும் வென்றார். அந்த ஆண்டு இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் என மூன்று நாட்டுச் சுற்றுகளும் அவருக்கே.

ஆனால் அவருடைய வெற்றிகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், தனியாகப் போன எதையும் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரேலியாவின் வொலங்காங்கில் உலகப் பந்தயத்தில் நடந்ததைச் சொல்வேன்.

கலப்பு அணி நேரப் பந்தயத்தில், புறப்பாட்டு மேடையில் இருந்து இறங்கிய சில நொடிகளிலேயே விழுந்தார். முழங்கையில் முறிவு. மூன்று நாளில் சாலைப் பந்தயம். முறிந்த முழங்கையோடு இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்க முடியாது. எழுந்து மிதிக்க முடியாதவர் ஏற்றத்தில் தாக்க முடியாது. அதாவது அவர் வாழ்நாளெல்லாம் நம்பிய ஒரே ஆயுதம் கையில் இல்லை. ஃபோஸுக்கு உதவியாக ஓட்டுவது என்று முடிவானது. பத்து ஆண்டுக்கு முந்தைய லண்டன் வேலைக்கே திரும்பினார். 164 கிலோமீட்டர் கூட்டத்துக்குள் ஒளிந்தும், ஏற்றங்களில் பின்தங்கியும், மறுபடி வந்து சேர்ந்தும் ஓட்டினார். கடைசிச் சுற்றிலும் ஏற்றத்தில் விடுபட்டார். முன்னால் போன சிறு குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகம் குறைத்தபோது, பின்னால் இருந்து வந்து சேர்ந்தார். சேர்ந்த வேகத்தைக் குறைக்கவே இல்லை. கடைசி ஒரு கிலோமீட்டருக்குள், குழுவின் ஓரமாக, நேராகத் தாண்டிப் போனார். மற்றவர்கள் ஸ்பிரின்ட் என்னும் கடைசிப் பாய்ச்சலை எப்போது தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நொடி அது. பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கி பாய்ந்தும் எட்டவில்லை.

கூட்டத்துக்குள் பொறுத்திருப்பது, சரியான நொடியை முகர்வது, சில நூறு மீட்டரில் முடிப்பது. தாமதமாக வந்ததால் அவருக்குக் கைகூடவில்லை என்று எல்லோரும் சொன்ன கலை அது. நாற்பது வயதுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு கை உடைந்த நிலையில், உலகப் பட்டத்தை அந்தக் கலையால்தான் வென்றார்.

2023 அவருக்குக் கடைசி ஆண்டு என்று முன்பே அறிவித்திருந்தார். உலகப் பட்டத்துக்குரிய வானவில் கோடுகள் போட்ட சட்டையில் ஓடினார். மே மாதம் ஸ்பெயின் சுற்றில் ஒரு சர்ச்சை. முன்னணியில் இருந்த ஃபோலரிங் இயற்கை உபாதைக்காகச் சாலையோரம் நின்ற நேரத்தில், கூட்டத்தை எளிதில் சிதறடிக்கும் பக்கக்காற்று வீசும் பகுதியில் அன்னமீக்கின் மோவிஸ்டார் அணி முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு போனது. தலைமையில் இருப்பவர் அப்படி நிற்கும்போது தாக்குவதில்லை என்பது இந்த விளையாட்டின் எழுதாத மரபு. அந்த இடத்தில் தாக்குவது முன்பே போட்ட திட்டம் என்று அணி சொன்னது. பக்கக்காற்றில் திட்டமிடுவது வழக்கம்தான். நெதர்லாந்து வீராங்கனைகள் வளர்வதே அந்தக் காற்றில். ஆயினும் கடைசியில் அவர் ஃபோலரிங்கை வென்றது வெறும் 9 நொடியில் என்பதால், அந்த நாளை நினைக்காமல் அந்த வெற்றியைப் பேச முடிவதில்லை. அவரை மிகவும் மதிப்பவன் என்ற முறையிலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஜூலையில் இத்தாலியச் சுற்றை நான்காம் முறையாக வென்றார். அங்கே கேள்விக்கே இடமில்லை.

அடுத்து பிரான்ஸ் சுற்று. ஏழாம் நாள், பிரெனீஸ் மலையில் தூர்மலே கணவாய். உச்சியை மூடிய பனிமூட்டம். முந்தைய ஏற்றமான ஆஸ்பினில் அன்னமீக் தாக்கிப் பார்த்தார். ஃபோலரிங்கும் போலந்தின் கட்டார்சினா நியெவியாடோமாவும் விடவில்லை. தூர்மலேயில், உச்சிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்போது, தாக்குதல் வந்தது. இந்த முறை புறப்பட்டவர் ஃபோலரிங். அன்னமீக்கை விடப் பதினான்கு வயது இளையவர். அப்போது ஓய்வுபெற்றிருந்த ஃபான் டெர் பிரெகனிடம் பயிற்சி பெற்றுவந்தவர். சம்பள விதி வந்த பிறகு முழுநேரத் தொழிலாகவே இந்த விளையாட்டில் வளர்ந்தவர். அவர் மூட்டத்துக்குள் ஏறி மறைந்தார். அன்னமீக் இரண்டரை நிமிடம் கழித்து மூன்றாவதாக வந்தார். அடுத்த நாள் நேரப் பந்தயத்துக்குப் பிறகு மொத்தத்தில் நான்காம் இடம்.

செப்டம்பரில், தன் சொந்த நாட்டின் சமவெளிச் சாலைகளில் நடந்த ஒரு சுற்றில் கடைசியாக ஓட்டினார். அது ஆர்னம் நகரில் முடிந்தது. வழியெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கூவும் கூட்டம். பந்தயத்தை வென்றவர் வேறொருவர்.